திருப்புறத்துக்காரி யார் என்று சொல்கிறேன்

மக்கா,

போனில் சொல்லக்கூடிய காரியம் இல்லை இது. நேரில் சொல்லலாம் என்றால், நாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி வருஷக்கணக்காகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ வெளியே போகச் செருப்பைத் தேடுவாய். அதனால் எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதினால் கொச்சியில் உன் அறையில் தங்கியிருக்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று வாசித்துவிடுவார்கள். தமிழ் என்றால் நீ ஒருவன்தான் வாசிப்பாய், அதுவும் எழுத்துக்கூட்டி, மெதுவாக. இந்தக் கடிதத்துக்கு அந்த வேகம் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயம் முடிந்து, ஆரியங்கோட்டிலிருந்து வந்த பெண் வீட்டார் வண்டியேறிப் போன பிறகு, நீ அம்மாவை அடுக்களைக்குக் கூப்பிட்டுப் பேசினாய். முன்னறையில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த எனக்குக் கேட்காது என்று நினைத்தாயா, கேட்கட்டும் என்றே பேசினாயா, தெரியாது. "அப்பாட்ட சொல்லிரும்மா. அந்தத் திருப்புறத்துக்காரி கல்யாணத்துக்கு வரப்பிடாது. அவள சர்ச் வாசல்ல பாத்தேன்னா தாலி கெட்டாம எறங்கிப் போவேன்" என்றாய். அம்மா சிரித்தாள். "அவ வரமாட்டா மக்களே. அவளுக்க காரியத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ இப்பிடி சிரிச்சு சிரிச்சாக்கும் அவரு இந்தக் கோலத்துக்கு ஆனாரு" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதே பாறசாலை ஸ்டேஷனுக்குப் புறப்பட்டுவிட்டாய். நீ கேட்டைச் சாத்திய பிறகு அம்மா முன்னறைக்கு வந்து, நான் மடக்கி வைத்த நாற்காலி ஒன்றை மறுபடி விரித்து உட்கார்ந்தாள். "கேட்டியளா? பதினஞ்சு வருஷமா உங்களுக்க பொம்பளைய நான் சுமந்தாச்சு. இனி முடியாது. பிள்ளைட்ட நீங்களே சொல்லணும்" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

ஆகவே சொல்கிறேன். திருப்புறத்தில் எனக்கு ஒரு பெண்ணும் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்தத் திருப்புறத்துக்காரி நான்தான். சேலை உடுத்துகிற பழக்கம் எனக்கு உண்டு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் உன் அம்மா என் ஸ்கூட்டரில் கண்டெடுத்த பிளவுஸ் என்னுடையது. கடிதத்தைக் கீழே வைக்கத் தோன்றினால் வைத்துவிட்டு, ஒரு சாயா குடித்துவிட்டு வா. மீதியையும் வாசிக்க வேண்டும்.

முதலில் உன் மனதில் எழும் கேள்விகளுக்குப் பதில். ஆண்கள் மேல் எனக்கு ஆசை கிடையாது. பெண்ணாக மாறிவிட வேண்டும் என்றும் இல்லை. அப்படி உள்ளவர்கள் இருக்கிறார்கள், அது அவர்களுடைய வழி, நான் அதைத் தாழ்வாகச் சொல்லவில்லை. நான் உன் அம்மாவை விரும்பிக் கட்டியவன், இன்றும் விரும்புகிறவன். ஆனால் வாரத்தில் ஒரு மதியம், ஒரு மணி நேரம், சேலை உடுத்துக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தால் என் தோள் இரண்டும் கீழே இறங்குகின்றன. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எதை வாங்கினால் எங்கே விற்கும் என்று பார்த்தவுடன் சொல்கிற எனக்கு, அறுபது வயதிலும் இது ஒன்றுக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. பதினோரு வயதில் அக்காளின் பாவாடையைக் கட்டிப் பார்த்தபோதும் தெரியவில்லை.

பத்தொன்பது வயதில் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேனாக நின்றேன் என்பது உனக்குத் தெரியும். சேலை விற்கிற ஆண்கள் என்ன செய்வார்கள் என்று கவனித்திருப்பாய். மடிப்பைப் பிரித்து, கொசுவத்தை இடுப்பில் செருகி, முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக் கண்ணாடி முன்னால் திரும்பிக் காட்டுவோம். வாங்க வந்த பெண்கள், அவர்கள் கணவன்மார், மாமியார், எல்லாரும் பார்த்திருக்க ஒரு நாளைக்கு முப்பது சேலை உடுத்துக் கழற்றியிருக்கிறேன். "தம்பிக்கு நல்லா சேருது, எங்களுக்குச் சேருமா?" என்று கேலி பேசுவார்கள். "உங்களுக்கு இதவிட சேரும்" என்று நானும் சொல்வேன். என் கையில் சேலை நன்றாக விற்றது. முதலாளிக்கு என் மேல் மதிப்பு. நூறு பேர் முன்னால் உடுத்தால் அது தொழில், கதவைச் சாத்திக்கொண்டு உடுத்தால் அதற்கு வேறு பேர். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள நான் ரொம்ப வருஷம் முயன்றேன், பிறகு விட்டுவிட்டேன்.

அந்தக் கடையை விட்டபின் துணிக்கட்டை வலது தோளில் வைத்து ஊர் ஊராக நடந்ததும், பிறகு சைக்கிள், ஸ்கூட்டர், கடை என்று ஆனதும் நீ நூறு முறை கேட்ட கதை. நீ கேட்காதது ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, வைத்திருந்த இரண்டு சேலைகளையும் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் கொண்டுபோய் எரித்தேன். கல்யாணம் ஆனால் இது போய்விடும் என்று நம்பினேன். போகவில்லை. ஒரு வருஷம் தாங்கினேன். பிறகு மறுபடி வாங்கினேன், மறுபடி எரித்தேன். நான்கு முறை இப்படி. கடைசியில், பூவார் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிற சரக்கை வைக்க என்று திருப்புறத்தில் ஒரு அறை எடுத்தேன். சரக்கும் வைத்தேன். பூட்டிய பெட்டி ஒன்றும் வைத்தேன். இதை எல்லாம் உன் அம்மாவிடம் பெண் பார்க்கப் போன அன்றே சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவளுக்கு அன்று இருந்தது. நான் அதைத் திருடிவிட்டேன். என் தப்புகளில் முதலாவது இது. ஆனால் பெரியது இது அல்ல.

உனக்குப் பதினான்கு வயது. ஸ்கூட்டர் டிக்கியில் மழைக்கோட்டைத் தேடிய அம்மாவின் கையில் அந்தப் பிளவுஸ் வந்தது. தைத்துத் தைத்து ஊரில் உள்ள அத்தனை பெண்களின் அளவும் மனப்பாடமானவள் அவள். விரித்துப் பார்த்துவிட்டு, "யாரு இவ? நல்ல தடிச்சியாக்கும்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். எனக்கு அப்போது ஒரு நிமிஷம் கிடைத்தது. வியாபாரிக்கு ஒரு நிமிஷம் நிறைய நேரம். வெளியே ஒரு பெண் வைத்திருக்கிறவனை ஊர் ஏசும், ஆனாலும் ஆண் என்று ஒத்துக்கொள்ளும். சேலை உடுத்துகிறவனை எந்தக் கணக்கிலும் சேர்க்காது. எதில் சேதம் குறைவு என்று பார்த்தேன். "திருப்புறத்தில ஒருத்தி" என்று சொன்னேன். இல்லாத ஒருத்தியோடு எனக்குத் தொடுப்பு என்று என் வாயாலேயே சொன்னேன். எனக்கு வந்த சேதத்தைத்தான் எண்ணினேனே தவிர, அவளுக்கு வருகிற சேதம் என் நினைப்பிலேயே இல்லை.

அதன் பிறகு இரண்டு வருஷம் வீடு எப்படி இருந்தது என்பது உனக்கே தெரியும். சோறு வைப்பாள், பேசமாட்டாள். "நிறுத்தியாச்சா?" என்று மாதம் ஒருமுறை கேட்பாள். "நிறுத்தியாச்சு" என்பேன். நம்பமாட்டாள். நீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுத்தான் அந்தப் பேரைப் பிடித்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது. அந்த இரண்டு வருஷம் உன் அம்மா சர்ச்சில் திருவிருந்து, அந்த அப்பமும் ரசமும், எடுக்கவில்லை. மற்றவர்கள் எழுந்து பலிபீடத்துக்குப் போகும்போது அவள் பெஞ்சில் தலை குனிந்து இருப்பாள். ஏன் என்று போதகர் வீட்டில் கேட்டபோது உடம்புக்குச் சரியில்லை என்றாள். என்னிடம் சொன்னாள்: "ஒருத்திய மனசில வெச்சு சபிச்சிட்டு அந்த அப்பத்த எப்பிடி வாங்க?" சபையில் சேர்க்கிற திடப்படுத்தல் உனக்கு நடந்து, நீ முதல் தடவையாகத் திருவிருந்து எடுத்த அன்று, திரும்பிப் பார்த்தாயே, அம்மா ஏன் பக்கத்தில் வந்து முழங்காலிடவில்லை என்று. நான் உன் இடது பக்கம் முழங்காலிட்டிருந்தேன். கையை நீட்டி வாங்கியும் கொண்டேன். உலகத்தில் இல்லாத ஒரு பெண்ணை மன்னிக்க முடியாமல் அவள் தன் பங்கை வேண்டாம் என்று வைத்தாள். அந்தப் பெண்ணாகிய நான் என் பங்கை வாங்கிச் சாப்பிட்டேன். சேலை உடுத்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் கேட்கிறேன். அவளிடம் கேட்டாயிற்று. இப்போது உன்னிடம்.

உண்மை வெளிவந்ததற்கு நான் காரணமில்லை. அந்தப் பிளவுஸை அவள் எறியாமல் தையல் மிஷின் டிராயரில் வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நீ கிளாஸுக்குப் போயிருந்தாய், அதை எடுத்து மேஜையில் விரித்து அளந்திருக்கிறாள். அவள் எப்படிப்பட்டவள் என்று ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு எறியலாம் என்று நினைத்தாளாம். மார்பு அளவு பெரிது, ஆனால் முன்பக்கத் துணி எங்கேயும் இழுபடவில்லை. கக்கத்தில் தையல் இரண்டு பக்கமும் விட்டுப்போயிருந்தது. வலது தோளில் அரை இஞ்சு உள்ளே மடித்துக் கையால் நூல் போட்டிருந்தது. நழுவுகிறதே என்று நான் போட்ட நூல் அது. துணிக்கட்டு சுமந்து என் வலது தோள் அரை இஞ்சு இறங்கியது உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து என் சட்டைகளில் அதே இடத்தில் அதே அரை இஞ்சை மடித்துத் தைக்கிறவள் அவள்.

என்னைக் கூப்பிட்டாள். "சட்டையக் கழத்துங்க" என்றாள். டேப்பைத் தோளில் வைத்தாள். பிளவுஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "திருப்புறத்துக்காரியும் சுமடு எடுத்தவளாக்கும்?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதது நான்தான், அவள் அழவில்லை. கேட்டு முடித்ததும் அவளுக்கு நிம்மதி வரும் என்று முட்டாள்தனமாக நினைத்தேன், வேறு பெண் இல்லையே என்று. அவள் சொன்னாள்: "பொம்பளன்னா அவளுக்க வாசல்ல போய் நின்னு நாலு கேட்டிருப்பேன். இதுக்கு நான் யாருக்க வாசல்ல போய் நிக்க?" அடுத்த நாள் காரக்கோணத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். பிரசவம் பார்க்கப் போனதாக உன்னிடம் சொன்னோம். பதினோரு நாள் இருந்தாள். யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தமிழும் மலையாளமும் பேசுகிற இந்த எல்லையில் இரண்டு பக்கமும் நான் கடை நடத்தியிருக்க முடியாது. அதை அவள் அறிவாள். அறிந்தும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது நிபந்தனைகளோடு வந்தாள். திருப்புறத்து அறையை விட வேண்டும். வீட்டில், மாடி அறையில், புதன்கிழமை மதியம். அவளுடைய சேலை எதையும் தொடக்கூடாது. அவளைப் பார்க்கச் சொல்லக்கூடாது. "செத்தாலும் பிள்ளைக்குத் தெரியப்பிடாது" என்பதைச் சேர்த்தது நான். என் மேல் கோபத்தோடு நீ வளர்ந்தாலும் பரவாயில்லை, வெட்கத்தோடு வளரக்கூடாது என்று சொன்னேன். உனக்காகச் சொன்னதாக அப்போது நினைத்தேன். எனக்காகத்தான் என்று இப்போது தெரிகிறது. நீ அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஒவ்வொரு முறையும் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாளே, அது எனக்காக.

இன்னொரு தப்பையும் சொல்கிறேன், உனக்குக் கல்யாணத்தில் பயன்படும். அவள் திரும்பி வந்து மூன்று மாதம் இருக்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரு தைரியம். ஒரு புதன்கிழமை பச்சைக்கரைச் சேலையோடு படியிறங்கி அடுக்களை வாசலில் போய் நின்றேன். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க ஆசை. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மீனைப் போட்டபடி போட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் பின்வாசல் வழியே இறங்கி நடந்து போய்விட்டாள். சாயங்காலம் வந்து சொன்னாள்: "நான் சம்மதிச்சது உங்களுக்க களைப்ப. உங்களுக்க சேலைய இல்ல. ரெண்டும் வேறயாக்கும்." கடையை விட்டு இறங்காமல் நிற்கிற ஆள் எல்லாம் சரக்கை வாங்கிவிட்ட ஆள் இல்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டில் அது எனக்கு மறந்துபோனது. பொறுத்துக்கொள்வது ஒன்று, ஏற்றுக்கொள்வது ஒன்று. முதலாவது கிடைத்த உடனே இரண்டாவதைக் கேட்டால் முதலாவதும் போய்விடும். நீ கட்டப்போகிற பெண்ணிடமும் இதில் கவனமாயிரு, எந்த விஷயமானாலும்.

பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் அப்படியே போயிற்று. புதன்கிழமை மதியம் நான் மாடியில், அவள் கீழே மிஷினில். அவள் மாடிப்படி ஏறமாட்டாள். மிஷின் சத்தம் நின்றால், யாரோ வந்திருக்கிறார்கள், இறங்காதே என்று அர்த்தம். நாங்கள் பேசி வைத்ததில்லை, தானாக வந்தது. சில புதன்கிழமைகளில் எனக்கே அலுப்பாக இருக்கும், உடுத்துவதும் கழற்றுவதும் ஒரு வேலை போல. ஆனாலும் விட்டால் தோள் இறங்காது. திருவிருந்தை மட்டும் அவள், காரக்கோணத்திலிருந்து வந்த அடுத்த மாதமே எடுக்கத் தொடங்கினாள். சபிப்பதற்கு ஆள் இல்லாமல் போயிற்றே என்றாள்.

போன வருஷம் என் வலது தோள் இறுகிப்போனது நினைவிருக்கும். காரக்கோணம் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், நீ போனில் அம்மாவிடம் விசாரித்தாய். கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. அந்தப் புதன்கிழமை முந்தானைக்குப் பின் குத்த முக்கால் மணி நேரம் முயன்றேன். கைதவறிப் பின் டப்பா தரையில் விழுந்தது. கீழே மிஷின் நின்றது. யாரோ வந்துவிட்டார்கள் என்று அசையாமல் நின்றேன். படியில் காலடி கேட்டது. கதவைத் தட்டினாள். "நானாக்கும்" என்றாள். திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள். "திரும்புங்க" என்றாள். முந்தானையை எடுத்து மடிப்பு மடிப்பாக அடுக்கி, இடது தோளில் வைத்துப் பின் குத்தினாள். கொசுவத்தை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தாள். கல்யாணப் பெண்ணுக்கு உடுத்திவிடுகிறவள் மாதிரி ஒரு அடி பின்னால் நின்று பார்த்தாள். "இந்த மஞ்சள் உங்களுக்குச் சேராது. கருப்பாத் தெரியுதிய" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் எதிர்பார்த்த வார்த்தை அது இல்லை. அதைவிடப் பெரிய வார்த்தை இந்த வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை.

எனக்கு வயதாகிறது மக்கா. களைத்துவிட்டேன். உனக்கு அந்தப் பெண்ணிடம் சொல்லாத காரியம் ஏதும் உண்டா என்று நான் கேட்கவில்லை. இருந்தால், தாலி கட்டுவதற்கு முன்பு சொல். எவ்வளவு சின்னதானாலும் சொல். போகிறவள் போகட்டும், நிற்கிறவள் தெரிந்து நிற்கட்டும். என் காரியத்தை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உன்னிடம் விடுகிறேன். சொல்லி அவர்கள் கல்யாணம் வேண்டாம் என்றால் அந்தப் பழியை நான் ஏற்கிறேன். சொல்லாமல் வைத்தால், ஒரு நாள் அவள் கையில் ஏதோ ஒரு துணி கிடைக்கும், அது என் அனுபவம். நீ யோசித்து முடிவு செய்.

ஏனென்றால் மாடி அறை உங்களுக்கு. வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று. அங்கே இருக்கிற மர அலமாரியை என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டேன். கடை கோடவுனுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். "என்னத்துக்கு? இன்னொரு திருப்புறம் உண்டாக்கவா? கீழ எறக்கி எனக்க அலமாரிக்குப் பக்கத்தில போடுங்க" என்றாள்.

நீ வரக்கூடாது என்று சொன்னவள் கல்யாணத்துக்கு வரமாட்டாள். அவளுக்கு அன்று வேட்டி கட்டி சர்ச் வாசலில் நின்று ஆட்களைக் கும்பிட்டு வரவேற்கிற வேலை இருக்கிறது, நீ அனுமதித்தால். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வா. அந்த அலமாரி தேக்கு, கனம் அதிகம், படி திரும்புகிற இடம் குறுகல். வெளியாள் வைத்து இறக்க முடியாது, உள்ளே இருப்பவை இருக்கின்றன. என் வலது தோள் இன்னும் முழுதாக வழங்கவில்லை. அம்மா ஒரு பக்கம் தான் பிடிப்பதாகச் சொல்கிறாள். இனி அவளை எதையும் சுமக்க வைக்க எனக்கு மனமில்லை. நீ வந்து பிடி.

அப்பா